கயிறு வேண்டாம் என்று சொல்லப் போகிறேன்

அன்பு மகனுக்கு,

உன் மாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை ராசிபலனிலிருந்து மரண அறிவிப்பு வரை ஒரு வரி விடாமல் படிப்பவர். உனக்குப் பெண் கேட்டுப் போன அன்றே அதைக் கவனித்தேன். நான் கொண்டுபோன பலகாரத்தை மற்றவர்கள் தட்டில் அடுக்கிக்கொண்டிருக்க, அவர் மட்டும் அதைச் சுற்றியிருந்த பழைய தாளை நீவி நீவிப் படித்துக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கையில்தான் இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். தீபாவளியிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை. வாட்சாப்பில் என்ன அனுப்பினாலும் ஒற்றை டிக்கோடு நின்றுவிடுகிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று மளிகைக் கடைக்காரரிடம் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "லைன் சரியில்லண்ணே" என்றார். நல்ல மனுஷன், பொய் சொல்லத்தான் தெரியவில்லை. ஆகவே ஊரறியப் பேசிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். உன் மாமியார் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார். ஜொகூரில் உன் வீட்டு ஹாலில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார். அவர் படிக்கும்போது எழுந்து போக உனக்குத் துணிச்சல் வராது. அந்தக் குணம் என்னிடமிருந்து வந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். வரும் செவ்வாய்க்கிழமை புத்ராஜெயா பெரிய கோர்ட்டில் சேகரின் தண்டனையை மறுபடி எடுத்துப் பார்க்கிறார்கள். உன் சித்தப்பா மணியத்தைக் கொன்றானே, அந்தச் சேகர்தான். சட்டம் மாறிவிட்டதால், தூக்கு தூக்காகவே இருக்கட்டுமா, முப்பது வருஷத்துக்குக் குறையாத சிறையாகட்டுமா என்று நீதிபதிகள் தீர்மானிக்கலாம். அதற்கு முன்னால், செத்தவன் வீட்டார் மனசில் என்ன இருக்கிறது என்றும் கேட்பார்களாம். அரசுத் தரப்பு வக்கீலம்மா போனில் அன்பாகத்தான் பேசினார். "பாக்சிக், மனசுல இருக்கறத அப்படியே சொல்லுங்க, போதும்" என்று மலாயில் சொன்னார். வயசானவரை அவர்கள் பாக்சிக் என்றுதான் கூப்பிடுவார்கள். செத்தவன் வீட்டார் என்றால் இன்றைக்கு நானும் நீயும்தான். உன் அம்மா போய்விட்டாள். உன் சித்தப்பா கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அதனால் தீபாவளிக்கு நீ வந்தபோது, முறுக்குத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு இந்தப் பேச்சை எடுத்தேன். நல்ல நாளில் எடுக்கக்கூடிய பேச்சா அது? உன் அம்மா இருந்திருந்தால் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்திருப்பாள்.

நீ அன்றைக்குச் சொன்னது ஒரு வார்த்தை மாறாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "போய் நின்னு, தூக்குதான் வேணும்னு சொல்லுங்க. வேற ஒன்னும் பேச வேணாம்" என்றாய். "யோசிக்கணும்யா" என்றேன். "என்னா யோசன? சித்தப்பாவுக்கு யாரு மறுபடி எடுத்துப் பாத்தா? அந்தக் கடை வாசல்ல அவருக்கு அப்பீல் இருந்துச்சா? வக்கீல் இருந்தாங்களா?" என்றாய். எனக்குப் பதில் வரவில்லை. வாயில் முறுக்கு இருந்ததால் வரவில்லை என்று நீ நினைத்திருக்கலாம். முறுக்கு இல்லாவிட்டாலும் வந்திருக்காது. "ஆட்டுக்குத் தழ போட்டுப் போட்டு ஒங்க மூளையும் தழயாப் போச்சுப்பா" என்று சொல்லிவிட்டுக் கார் சாவியை எடுத்தாய். மருமகள் வடையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். காரில் ஏறும்போது அவள் மட்டும் திரும்பிப் பார்த்துத் தலையை அசைத்தாள். கார் செம்பனை ரோட்டில் திரும்பி மறைகிற வரைக்கும் நான் கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் உள்ளே வந்து அந்த அரை வடையைத் தின்றேன். வீட்டில் வேறு ஆள் இல்லாதபோது சாப்பாட்டை வீணாக்கக்கூடாது.

உன் கோபத்தைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. உன்னைப் பெற்றவன் நான், வளர்த்தவன் அவன். நான் விடியுமுன் செம்பனைக் குலை லோரியை எடுத்துக்கொண்டு போனால், ஆலை வரிசையில் காத்துக் கிடந்து திரும்பும்போது நீ தூங்கியிருப்பாய். உன்னை மோட்டாரில் முன்னால் உட்காரவைத்துத் தமிழ்ப் பள்ளிக்குக் கொண்டுபோனது அவன். பல்லு விழுந்தபோது கூரைமேல் எறிந்தது அவன். உன் பள்ளி விளையாட்டுப் போட்டியில் அப்பாக்களுக்கு ஓட்டப் பந்தயம் வைத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? என் வயிற்றோடு நான் ஓடியிருந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பார்கள். நானோ லோரி டயர் வெடித்து லிங்கி பாலத்தண்டை நிற்கிறேன். சித்தப்பா என் பேரைச் சொல்லிக்கொண்டு ஓடி, இரண்டாவதாக வந்து, ஒரு பிளாஸ்டிக் வாளியைப் பரிசாக வாங்கி வந்தான். "ஒங்கப்பா ரொம்ப இளமையா இருக்காரே" என்று டீச்சர் கேட்டதற்கு, "ஆமா டீச்சர், எங்கப்பாதான்" என்று நீ கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னாயாம். அவன் அதை நடித்துக் காட்டியபோது வீடே சிரித்தது, நானும் சிரித்தேன். உள்ளே ஒரு ஓரத்தில் சுருக்கென்றது. இத்தனை வருஷம் கழித்து அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்படிப்பட்டவன் செத்தது ஒரு மோட்டார் சாவிக்காக. சம்பள நாள் சாயங்காலம், சந்திப்புக் கடை வாசலில் சேகர் சம்சு சாராயம் குடித்துவிட்டு நிற்கவே முடியாமல் மோட்டாரில் ஏறப் போனான். மணியம் அவன் கன்னத்தில் ஒன்று வைத்துச் சாவியைப் பிடுங்கிக்கொண்டான். "காலையில வந்து வாங்கிக்கடா. ஒனக்கு ஒன்னுன்னா ஒங்கம்மா மூஞ்சில நான் முழிக்கணும்லா" என்றானாம். பக்கத்தில் பிக்கப்பைச் சாய்த்துக்கொண்டு நின்றவன் நம் தோட்டத்துக் குத்தகைக்காரர் மகன். "சாவியக் குடுத்துட்டியா? சேலயும் வாங்கிக் கட்டிக்க" என்று சிரித்தான். சிரித்ததோடு விடாமல், பிக்கப்பின் பின்னால் கிடந்த குலை அறுக்கிற அரிவாளை எடுத்து நீட்டினான். சேகர் அதை வாங்கினான். எனக்கு முன்னால் நீதான் அங்கே போய்ச் சேர்ந்தாய். நான் ஓடிவந்து பார்த்தபோது தார் ரோட்டில் பள்ளிச் சீருடையோடு உட்கார்ந்து அவன் தலையை மடியில் வைத்திருந்தாய். அவன் கைக்குள் இருந்த சாவியை யாராலும் எடுக்க முடியவில்லை. இதை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியவேண்டும். கயிறு வேண்டாம் என்று சொல்லப் போகிறவன் செத்தவனைப் பார்க்காதவன் அல்ல.

சிரம்பான் கோர்ட்டில் வழக்கு நடந்தது. நானும் நீயும் கடைசி வரிசை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு நீதிபதி பேசிய இங்கிலீஷ் பாதி புரியாது. நீதான் காதில் சொல்லிக்கொண்டிருந்தாய். குத்தகைக்காரர் கோலாலம்பூரிலிருந்து ஒரு வக்கீலைக் கொண்டுவந்தார். அவர் மகன் சாட்சிக் கூண்டில் ஏறி எல்லாவற்றையும் பார்த்தவனாகச் சொன்னான், அரிவாள் தரையில் கிடந்தது என்றான். சேகருக்கு அரசாங்கம் வைத்துக் கொடுத்த வக்கீல். அந்த மனிதர் பேப்பரைப் புரட்டுகிற வேகத்திலேயே அவருக்கு இன்னும் பல வழக்குகள் காத்திருப்பது தெரிந்தது. எடுத்துக் கொடுத்தவன் சாட்சி ஆனான், வாங்கினவன் கைதி ஆனான். வெட்டியது சேகர்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த அரிவாளைப் பிடித்த கைகள் இரண்டு பேருடையவை. ஒரு கை இன்றைக்குக் கோயில் திருவிழாவில் முதல் நாற்காலியில் உட்கார்ந்து மாலை வாங்குகிறது. அப்போதைய சட்டப்படி கொலை என்று தீர்ப்பானால் கயிறுதான், நீதிபதி இரக்கப்பட்டாலும் வேறு தண்டனை கொடுக்க அவருக்கே அதிகாரம் கிடையாது என்று நீ சொன்னாய். "அப்ப எதுக்குப்பா அவ்ளோ பெரிய நாற்காலி?" என்று நான் கேட்டேன். நீ "சும்மா இருங்கப்பா" என்றாய். தீர்ப்பு வந்ததும் நாம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டோம். நீ பெரியவனான பிறகு நாம் கட்டிப்பிடித்தது அந்த ஒரு தடவைதான். ஒருத்தன் சாகப் போகிறான் என்ற சந்தோஷத்தில்.

நான் செய்த பெரிய முட்டாள்தனம் அதற்கு அடுத்த நாள். நம் முனியாண்டி கோயிலுக்குப் போய்க் கூடை கூடையாகத் தேங்காய் உடைத்தேன். உடைத்துவிட்டு, "இவனத் தூக்குல போடுற அன்னிக்கி ஒனக்குக் கிடா வெட்டுறேன் சாமி" என்று எல்லார் முன்னாலும் நேர்ந்துகொண்டேன். ஆவேசத்தில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை. கோயில் கூட்டுகிறது அஞ்சலை அக்கா. சேகரின் தாய். அவள் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, குனிந்து தேங்காய்ச் சில்லுகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டாள். எதற்கு உடைத்தது என்று அவளுக்குத் தெரியாதா? "புள்ளைங்க கால்ல குத்திரும்லா" என்று மட்டும் சொன்னாள். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். "சாமிகிட்ட போய் ஒங்களுக்குக் கறிதான் கேக்கத் தெரியுமா?" என்றாள்.

தூக்கு என்றால் தீர்ப்பு சொன்ன மாதத்திலேயே முடிந்துவிடும் என்று நினைத்துவிட்டேன். பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு நின்றவனுக்கு மேல்முறையீடு, அதற்கு மேல்முறையீடு, ராஜாவுக்குக் கருணை மனு என்று படிப்படியாக இருப்பது எப்படித் தெரியும்? அவசரமாகப் பக்கத்து மலாய்க் கம்போங்கில் ஒரு பாக்சிக்கிடம் போய்க் குட்டிக் கிடா ஒன்றை வாங்கினேன். "கெந்தூரிக்கா?" என்று கேட்டார். ஆமாம், விருந்துக்குத்தான் என்றேன். ஒரு கறுப்புக் குட்டி, நெற்றியில் வெள்ளை. நேர்ந்துவிட்ட கிடாவுக்குச் சட்டம் இருக்கிறது. விற்கக்கூடாது, அடிக்கக்கூடாது, காது கிழியக்கூடாது, கால் நொண்டக்கூடாது. வெட்டுகிற நாள் வரைக்கும் குறையில்லாமல் வைத்திருக்க வேண்டும். நான் நாலு மாதம் என்று நினைத்தேன். குட்டி கிடாவாகி, கொம்பு வளைந்து, எனக்கு இல்லாத தாடியும் வளர்த்துக்கொண்டது. வழக்கு இன்னும் மேலே போய்க்கொண்டிருந்தது. அது தினமும் வீட்டு வரிசை முழுக்க நடந்து ஒவ்வொரு வேலியையும் மோந்து பார்த்து மேற்பார்வை செய்வதால் நானே அதற்குத் 'துரை' என்று பெயர் வைத்தேன். தோட்ட நிர்வாகியைத் துரை என்று கூப்பிட்டுப் பழகிய வாய். நேர்ந்த கிடாவுக்குப் பெயர் வைக்கவே கூடாது. பெயர் வைத்தால் வெட்டுகிற கை நடுங்கும். அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

தோட்டம் காலியாகிக்கொண்டே வந்தது உனக்குத் தெரியும். நம் ஆட்கள் சிரம்பான் பக்கம் ரஹாங், அம்பாங்கான் என்று வீடு வாங்கிப் போய்விட்டார்கள். லயத்து வீடுகளில் இப்போது வங்காளதேசத்துப் பையன்கள். மரியாதையான பிள்ளைகள், "அங்கிள், சாப்பாடு?" என்று கேட்பார்கள், அதற்கு மேல் அவர்களுக்கும் எனக்கும் பாஷை கிடையாது. உன் அம்மா போன பிறகு ஒரு நாளில் நான் அதிகமாகப் பேசியது துரையோடுதான். நீ கேலி செய்தது சரி, மூளை தழையாகத்தான் போயிருக்கும். ஆனால் ஒரு உயிரைக் குறித்த நாளுக்காகக் காவல் காத்து வளர்த்துப் பார், மகனே. காலையில் எழுந்தவுடன் அது இருக்கிறதா என்று பார்ப்பாய். மழையில் நனைந்தால் துடைத்துவிடுவாய். எதற்காகத் துடைக்கிறோம் என்று அப்போதுதான் தோன்றும். ஒரு நாள் கடையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். அம்பாங்கானிலிருந்து வந்திருந்த நம் பழைய ஆள் ஒருவர் முதுகில் தட்டி, "என்னாண்ணே, எப்ப கறி? பல்லு இருக்கையிலயே போடுங்கலா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் வாயைத் திறந்துவிட்டேன் சிரிப்பதற்கு. அஞ்சலை அக்கா கல்லாவில் சீனி வாங்கிக்கொண்டு நின்றாள். கறி எப்போது என்றால், அவள் பிள்ளை எப்போது என்று அர்த்தம். அந்தத் தோட்டத்தில் எல்லாருக்கும் அது தெரியும். சிரித்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. உன் சித்தப்பா பாடையைத் தூக்கியவர்கள். அவர்கள் நாக்கில் அந்தக் கேள்வியை வைத்தது நான்தான்.

அஞ்சலை அக்கா அதற்கு முன்பே ஒரு காரியம் செய்துகொண்டிருந்தாள். நான் கவனிக்க நாளாயிற்று. கோயிலுக்குப் போகிற வழியில் பலாத் தழையோ வாழைப்பழத் தோலோ கொண்டுவந்து துரைக்குப் போட்டுவிட்டுப் போவாள். முதலில் விஷம் வைக்கிறாள் என்றே நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அவள் போட்ட தழையை எடுத்து நான் மோந்து பார்த்திருக்கிறேன், ஆட்டோடு ஆடாக. ஒரு பகலில் துரை யாரோ கொட்டிய விருந்துச் சோற்றைத் தின்றுவிட்டு வயிறு உப்பிக் கீழே சாய்ந்துவிட்டது. நான் மோட்டாரை எடுத்துக்கொண்டு ரஹாங்கில் ஆட்டு மருந்துக் கடைக்குப் பறந்தேன். திரும்பி வந்து பார்த்தால் அஞ்சலை அக்கா மண்ணில் உட்கார்ந்து அதன் வாயில் இஞ்சியும் எண்ணெயும் புகட்டி வயிற்றைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து தேய்த்தேன், அவள் அந்தப் பக்கம். வழக்கு ஆரம்பித்த பிறகு நாங்கள் அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

"எதுக்குக்கா இதுக்குப் போயி ஓடியாரீங்க?" என்று கேட்டேன். அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "இது இருக்கற வரைக்கும் அவன் இருப்பான்னு மனசுல ஒன்னு வெச்சிருக்கேன்" என்றாள். "நான் எதுக்கு இத வளக்குறேன்னு தெரியும்ல?" என்றேன். "தெரியாமலா. நீங்க வளத்தது அதுக்கு. நான் தழ போட்டது இதுக்கு" என்றாள். அப்புறம், காஜாங் சிறையில் போன வாரம் அவனைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்ததைச் சொன்னாள். அவனுக்குக் காய்ச்சலாம், டாக்டர் வந்து பார்த்து மாத்திரை கொடுத்தாராம். "நல்லா ஆக்கித்தான் தூக்குவாங்களாண்ணே?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. மோட்டார் ரிப்பேருக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்கிற மாதிரி, தெரிந்துகொள்ளக் கேட்டாள். துரை சாயங்காலம் எழுந்து நின்று அவள் சேலை முந்தானையைக் கடித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆடு பிழைத்ததற்கு என்று அவள் நினைத்திருப்பாள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன், அன்றைக்கு.

கிடா வெட்டில் ஒரு முறை இருக்கிறது, நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். மஞ்சள் தண்ணீரைத் தலையில் தெளித்துவிட்டுக் காத்திருப்பார்கள். கிடா உடம்பைச் சிலுப்பினால்தான் சாமி உத்தரவு. சிலுப்பாமல் நின்றால் எத்தனை பேர் பசியோடு இருந்தாலும் பூசாரி கத்தியைக் கையில் எடுக்கமாட்டார். தண்ணீர் பட்டால் எந்த ஆடும் சிலுப்பத்தான் செய்யும் என்று நீ சொல்வாய், தெரியும். இருந்தாலும் அந்தக் கொஞ்ச நேரம் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு ஒரு ஆட்டின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் அல்லவா? வெட்டுகிறவன், கறி தின்னப் போகிறவன், எல்லாரும். சேகருக்கு அப்படி யாரும் நின்று பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. கோர்ட்டில் அத்தனை நாள் அவன் பிடரியைத்தான் பார்த்தேன். அவனைத் தூக்கில் போட்டால் நம் வீட்டார் யாரும் அங்கே இருக்கப் போவதில்லை. சம்பளத்துக்கு ஒரு மனுஷன் அதைச் செய்துவிட்டு வீட்டுக்குப் போய்க் குளிப்பான். நமக்காக, நம் பேரைச் சொல்லி. அவன் வீட்டில் பிள்ளைகள் இருக்கும். உன் சித்தப்பா செத்ததற்காக முகம் தெரியாத ஒருவன் கையில் இன்னொரு கொலையை வைக்கிறோம்.

நீ கேட்ட கேள்விக்கு இன்னும் நான் வரவில்லை என்று உனக்குத் தோன்றும். சித்தப்பாவுக்கு யார் மறுபடி எடுத்துப் பார்த்தார்கள்? யாரும் இல்லை, மகனே. அவனுக்கு அப்பீல் இல்லை, வக்கீல் இல்லை, ஒரு வாய்த் தண்ணீர்கூட இல்லை. அது அநியாயம். சேகரைத் தொங்கவிட்டாலும் அது அநியாயமாகவேதான் இருக்கும், ஒரு நூல் குறையாது. நான் இதைக் கணக்குப்போட்டுக் கண்டுபிடிக்கவில்லை, எனக்குக் கணக்கு வராது என்று உனக்கே தெரியும். துரைக்குத் தழை வெட்டிக்கொண்டே, அவன் தொங்கிய மறுநாள் காலையில் எனக்கு என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பார்த்தேன். கறி மிஞ்சும். அவ்வளவுதான். மணியம் எழுந்து வந்து மோட்டாரைக் கிளப்பப் போவதில்லை. அஞ்சலை அக்கா மட்டும் கோயில் கூட்ட வரமாட்டாள்.

நான் அவனை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. மன்னிப்பு என்பதெல்லாம் பெரிய மனுஷர்கள் மேடையில் செய்வது. எனக்கு இன்னமும் அவன் பெயரைச் சொன்னால் பல் கடிக்கிறது. அவன் உள்ளே கிடந்து கிழவனாகட்டும், பிரம்படி வாங்கட்டும், ஒவ்வொரு சம்பள நாளும் ஞாபகம் வரட்டும். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கயிறு வேண்டாம் என்பதற்கும் மன்னித்துவிட்டேன் என்பதற்கும் நடுவில் ஒரு பெரிய வெட்டவெளி இருக்கிறது. அங்கேதான் நான் நிற்கிறேன். இந்தப் பக்கத்து ஆட்கள் என்னைத் தம்பியை மறந்தவன் என்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் அஞ்சலை அக்கா கும்பிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. அவள் கும்பிட்டால் என்னால் தாங்க முடியாது. பேச்சுத் துணைக்கு நீ ஒருத்தன் இருந்தாய். நீயும் டிக்கை ஒன்றாக்கிவிட்டாய்.

நேர்த்திக்கடன் என்ன ஆவது என்று பூசாரியிடம் போய்க் கேட்டேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "தூக்குல போட்டா வெட்டுறேன்னுதான சொன்னீங்க? போடலன்னா சாமிக்கு ஒன்னும் பாக்கி இல்லலா. போயி ஆட்டக் குளிப்பாட்டுங்க, நாறுது" என்றார். துரைக்கு இப்போது பல் போய்விட்டது, தழையை நறுக்கித்தான் போடுகிறேன். அது கிழடாகித் தானாகச் சாகட்டும். அந்த நாள் அஞ்சலை அக்காவுக்குப் பயமில்லாத நாளாக இருக்கவேண்டும். செவ்வாய்க்கிழமை நான் சொல்லப் போவதில் அதுவும் இருக்கிறது, ஆனால் நீதிபதிகளிடம் ஆட்டைப் பற்றிப் பேச முடியாது. வக்கீலம்மாவிடம் சொல்லி ஒத்திகை பார்த்துவிட்டேன். 'என் தம்பியை இவன் கொன்றான். எனக்காக என்று இவனைக் கொல்லவேண்டாம்.' இவ்வளவுதான். மலாயில் சொன்னால் இன்னும் சின்னதாக இருக்கிறது. என் மகனுக்கு வேறு கருத்து, அவனையும் கேளுங்கள் என்றும் சொன்னேன். வந்தால் தாராளமாகப் பேசலாம் என்றார். நீ எதிர்த்துப் பேசினால் எனக்கு வருத்தம் இருக்காது. என் பேச்சைக் கேட்கவேண்டும் என்று எழுதவில்லை. எனக்குத் தெரியாமல் நீயும் உனக்குத் தெரியாமல் நானும் இதை முடித்துவிடக்கூடாது. சித்தப்பா நம் இரண்டு பேருக்கும் பொது.

போக்குவரத்துதான் கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. இங்கிருந்து புத்ராஜெயாவுக்கு வழி தெரிந்து வாடகைக்குக் கார் ஓட்டுகிறவர் தோட்டத்தில் நம்மை வேலை வாங்கிய பழைய மண்டோர் ஒருத்தர்தான். நான் போய்ச் சொன்னதும் தலையைச் சொறிந்தார். "அஞ்சலை அக்காவும் அதே நாளுதான் சொல்லியிருக்கு. அதே கோர்ட்டு. ரெண்டு தடவ ஓட்ட எனக்கு ஒடம்பு இல்லண்ணே. ஒரே வண்டியில ஏறிக்குங்களேன், நான் ரேடியோவ சத்தமா வெச்சிக்கிறேன்" என்றார். நான் சரி என்றேன். அவளும் சரி என்றாளாம். அவள் பின்னால், நான் முன்னால் என்று மண்டோரே இடம் பிரித்துக் கொடுத்துவிட்டார். விடிந்ததும் கிளம்புகிறோம்.

நீ திங்கட்கிழமை பஸ் ஏறி வந்துவிட்டால் அதே வண்டியில் போகலாம். அவளுக்குப் பக்கத்தில் உட்கார உனக்கு மனசு வராது, அது எனக்குத் தெரியும். நீ முன்னால் உட்கார்ந்துகொள். நான் பின்னால் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

உன் அப்பா